சாண எரிவாயுத் தொட்டியில் கூழ்முட்டை நாற்றம்: சல்பேற்றுத் தாழ்த்தும் பற்றீரியாக்களை இரசாயனத்தால் அடக்க முடியுமா?

கேள்வி: உமையாள்புரம் பண்ணை

அனைவருக்கும் வணக்கம். பரந்தனுக்கும் ஆனையிறவுக்கும் இடையில், உமையாள்புரத்துக்கு அண்மையில் எங்களுக்கு ஒரு சிறிய பால்பண்ணை இருக்கிறது. நிலத்துக்குள் குவிமாடம் அமைத்துக் கட்டப்பட்ட சீன வகைச் சாண எரிவாயுத் தொட்டி ஒன்றை மூன்று ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 8 கன மீற்றர். நாளொன்றுக்கு 100 கிலோ சாணத்தை 100 லீற்றர் நீரில் கரைத்து விடுகிறோம். 4 கன மீற்றர் அளவில் வாயு கிடைக்கிறது. அதில் ஒரு பகுதி வீட்டு அடுப்புக்கும், மீதி பாலைக் குளிரவைக்கும் பெட்டிக்கு மின்சாரம் தரும் சிறிய மின்பிறப்பாக்கிக்கும் போகிறது.

முதல் இரண்டு ஆண்டுகளும் எந்தத் தொல்லையும் இருக்கவில்லை. சென்ற ஆண்டு சிறுபோகத்தில் வாய்க்கால் நீர் எங்கள் கடைமடைக்கு வந்து சேரவில்லை. கொட்டிலைக் கழுவுவதற்கென்று ஒரு குழாய்க்கிணறு அடித்தோம். நீர் உவர், மாடுகள் வாய் வைப்பதில்லை. ஆனால் கழுவவும் சாணம் கரைக்கவும் அது போதும் என்று எண்ணிக் கொண்டோம். சில மாதங்களாக வாயுவில் கூழ்முட்டை நாற்றம் தாங்க முடியாதபடி இருக்கிறது. பித்தளை வால்வுகள் கறுத்துப் போயின. அடுப்பின் வாய் அரித்து விட்டது. மின்பிறப்பாக்கியின் எஞ்சின் ஒயில் மூன்று வாரத்துக்குள் தார் போலாகிறது. திருத்துபவர் பெயரிங்கைக் கழற்றிக் காட்டியபோது, அதன் உலோகப் பூச்சு குழிகுழியாக அரிக்கப்பட்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். கருவி வைத்து அளந்தவர், வாயுவில் இந்த நாற்றத்தைத் தரும் ஐதரசன் சல்பைட்டு மில்லியனுக்கு 4,500 பகுதிகள் இருப்பதாகச் சொன்னார்.

இதற்குக் காரணம் சல்பேற்றைத் தாழ்த்தும், அதாவது அதிலிருந்து இந்த வாயுவை உண்டாக்கும், பற்றீரியாக்கள் என்பதை வாசித்து அறிந்து கொண்டேன். எண்ணெய்க் கிணறுகளுக்குப் பயன்படும் குளூற்றரல்டிகைட்டு என்னும் கிருமிகொல்லியை ஊற்றினால் ஒரு வாரத்தில் நாற்றம் நிற்கும் என்று ஒரு விற்பனை முகவர் சொல்கிறார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் தங்கையின் மகன், சோடியம் மொலிப்டேற்று இந்தப் பற்றீரியாக்களை மட்டும் தனியாக அடக்கும் என்று ஆய்வுகளில் இருப்பதாகச் சொல்கிறான். இரண்டில் எதைச் செய்யலாம்? எவ்வளவு இட வேண்டும்? அண்மைக் காலமாக வாயுவின் அளவும் சற்றுக் குறைந்திருக்கிறது. இந்தப் பற்றீரியாக்கள்தான் மெதேனைத் தின்கின்றனவா என்பதையும் அறிய விரும்புகிறேன். வெளியேறும் சாணக்கூழை நாங்கள் மாடுகளுக்கு வளர்க்கும் நேப்பியர் புல்லுக்கு இடுகிறோம் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

பதில் 1: உயிரியல் ஆசிரியை, வவுனியா

வணக்கம். உங்கள் மருமகன் சொன்னது ஆய்வுகூடக் குடுவைக்குள் உண்மை. அது எப்படி நடக்கிறது என்பதை முதலில் விளங்கிக் கொண்டால், உங்கள் தொட்டிக்குள் அதை ஏன் செய்யக்கூடாது என்பதும் விளங்கும்.

இந்தப் பற்றீரியாக்களை முதன்முதலில், 1895ஆம் ஆண்டில், ஒல்லாந்தின் டெல்வ்ற் நகரில் பெயரிங்கு என்னும் அறிஞர் பிரித்தெடுத்தார். நாம் ஒட்சிசனைச் சுவாசிப்பது போல, ஒட்சிசன் இல்லாத இடத்தில் இவை சல்பேற்றைச் சுவாசிக்கின்றன. ஆனால் சல்பேற்று மிகவும் உறுதியான அயன். அதை நேரடியாகத் தாழ்த்த முடியாது. ஆகவே பற்றீரியா முதலில் தன்னிடமுள்ள ஏரிபி என்னும் சக்திச் சேர்வையைச் செலவழித்து, ஒரு நொதியத்தின் உதவியால் சல்பேற்றை அடினோசினுடன் இணைத்துக் கொள்கிறது. அதன் பிறகுதான் அது சல்பைற்றாகவும் பின்னர் சல்பைட்டாகவும் தாழ்த்தப்படுகிறது. மொலிப்டேற்று அயன் பருமனிலும் வடிவத்திலும் ஏற்றத்திலும் சல்பேற்றைப் போன்றது என்பதால், அந்த முதல் நொதியம் ஏமாந்து மொலிப்டேற்றையும் அடினோசினுடன் இணைக்கிறது. அப்படிப் பிறக்கும் சேர்வை நிலைத்து நிற்காமல் உடனே பிரிந்து விடுகிறது. மொலிப்டேற்று வெளியே வந்து மறுபடியும் அதே நொதியத்தில் போய் ஒட்டிக்கொள்ள, பற்றீரியா தன் ஏரிபி முழுவதையும் பயனின்றிக் கரைத்து ஓய்ந்து போகிறது. குரோமேற்று, தங்குதனேற்று, செலனேற்று ஆகியவையும் இதே வாசலில்தான் தடை செய்கின்றன. அவற்றில் குரோமேற்றும் செலனேற்றும் கொடிய நஞ்சுகள் என்பதால் அவற்றை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

நைத்திரைற்று என்னும் அயன் இவற்றைத் தடுக்க வேறொரு வழி உண்டு. அது கடைசிப் படியில், சல்பைற்றைச் சல்பைட்டாக மாற்றும் நொதியத்தைத் தடுக்கிறது. எண்ணெய் வயல்களில் நைத்திரேற்றுக் கரைசலை உட்செலுத்தும் முறை இதனுடன் தொடர்புடையது. நைத்திரேற்றைச் சுவாசிக்கும் பற்றீரியாக்கள் பெருகி, உணவை முந்திக்கொண்டு தின்று விடுகின்றன. அவை விடும் நைத்திரைற்று சல்பேற்றுக்காரரைத் தடுக்கிறது. வட கடலின் குல்பாக்சு எண்ணெய் வயலில் 1999ஆம் ஆண்டிலிருந்து இதைச் செய்திருக்கிறார்கள். ஆனாலும் சில இனங்களிடம் நைத்திரைற்றை அமோனியாவாக மாற்றித் தப்பித்துக் கொள்ளும் நொதியமும் இருக்கிறது.

இப்போது மொலிப்டேற்றின் கணக்கைப் பாருங்கள். ஆய்வுகளில் லீற்றருக்கு 2 மில்லிமூல் முதல் 20 மில்லிமூல் வரை பயன்படுத்துகிறார்கள். மிகக் குறைந்த அளவான 2 மில்லிமூலையே எடுத்தாலும், 8,000 லீற்றர் தொட்டியை நிரப்ப ஏறத்தாழ 3.9 கிலோ சோடியம் மொலிப்டேற்று வேண்டும். நாள்தோறும் 200 லீற்றர் கூழ் வெளியேறுவதால், செறிவு குறையாமல் இருக்க ஒவ்வொரு நாளும் 97 கிராம் புதிதாக இட வேண்டும். அதில் 38 கிராம் மொலிப்டினம் என்னும் உலோகம். ஓர் ஆண்டில் 14 கிலோ மொலிப்டினம் உங்கள் புல்நிலத்துக்குப் போய்ச் சேரும். பயிருக்கு மொலிப்டினம் பற்றாக்குறை உள்ள நிலங்களில்கூட ஒரு ஹெக்டேயருக்குச் சில நூறு கிராமுக்கு மேல் சிபாரிசு செய்வதில்லை.

பணத்தைவிட மாடுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. புல் மொலிப்டினத்தை எளிதாக உறிஞ்சும். அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் இரைப்பையில், அங்கேயும் வாழும் இதே வகைப் பற்றீரியாக்கள் உண்டாக்கும் சல்பைட்டுடன் மொலிப்டேற்று சேர்ந்து, செம்பை இறுகப் பிடித்துக் கொள்ளும் சேர்வைகளாகிறது. உடலுக்குச் செம்பு கிடைக்காமல் மாடு கழியத் தொடங்கும், மயிர் நிறம் மங்கும், சினைப்பிடிப்பது தவறும். தீவனத்தில் கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினாலே ஆபத்து. செம்பு குறைந்த புல்லானால் அதற்கும் கீழேயே நோய் வரும். எரிவாயுவைத் திருத்தப் போய் பட்டியை நோயில் தள்ளி விடாதீர்கள்.

குளூற்றரல்டிகைட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது புரதங்களைக் கட்டிப்போட்டு எல்லா உயிரையும் கொல்லும். எண்ணெய்க் குழாயில் எந்த உயிரும் வேண்டாம் என்பதால் அங்கே அது பொருந்துகிறது. உங்கள் தொட்டியிலோ சாணத்தைப் பிரிக்கும் பற்றீரியாக்களும் மெதேன் தரும் நுண்ணுயிர்களும் சேர்ந்து உழைக்கின்றன. அதை ஊற்றினால் ஒரு வாரத்தில் நாற்றம் நிற்கும் என்று முகவர் சொன்னது மெய்தான். அதோடு அடுப்பும் அணைந்து விடும்.

பதில் 2: விசுவமடு விவசாயி

தம்பி, ரீச்சர் சொன்னவற்றை முழுவதும் வாசித்தேன். எனக்கு இரசாயனம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் நாற்பது வருடம் வயல் செய்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நீர் நின்ற வயலை உழும்போது அடியிலிருந்து கரிய சேறு மேலே வருவதையும், அதில் இதே நாற்றம் இலேசாக வீசுவதையும் நாங்கள் எப்போதும் பார்க்கிறோம். அந்தக் கறுப்பு மண்ணிலுள்ள இரும்பு, சல்பைட்டைப் பிடித்து வைத்திருப்பதால் உண்டாவது என்று ஒரு விவசாயப் போதனாசிரியர் முன்பு விளக்கினார். இரும்பு குறைந்த மணல் வயலில்தான் நெல்லின் வேர் கறுத்து அழுகுமாம். ஆகவே பற்றீரியாவைக் கொல்லுவதை விட்டு விட்டு, தொட்டிக்குள் இரும்பைக் கொடுத்துப் பார்க்கலாமே. நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி மலிவாகக் கிடைக்கும். நாளுக்கு ஒரு பிடி கரைத்து விட்டால் போதாதா?

பதில் 3: கழிவுநீர்ப் பொறியியலாளர், கிளிநொச்சி

வணக்கம். விசுவமடு ஐயாவின் வயல் அனுபவம் மிகச் சரியானது. இரும்புதான் இங்கே கைகொடுக்கும். ஆனால் அன்னபேதி வேண்டாம் என்று பணிவாகச் சொல்கிறேன். அன்னபேதி என்பது இரும்புச் சல்பேற்று. அதிலுள்ள ஒவ்வோர் இரும்பு அயனும் ஒரு சல்பைட்டைப் பிடிக்கும்போது, அதனுடன் கூட வந்த சல்பேற்று அயனை அதே பற்றீரியாக்கள் புதிய சல்பைட்டாக மாற்றி விடும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்வது போலாகும். இரும்பைச் சல்பேற்று இல்லாத வடிவத்தில் கொடுக்க வேண்டும். பெரிக்குக் குளோரைட்டு அப்படிப்பட்டது.

ஆனால் அதற்கு முன், உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியில்தான் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகளும் தொல்லை இல்லை. குழாய்க்கிணற்று உவர்நீருக்கு மாறிய பிறகே தொடங்கியது. பற்றீரியாக்கள் எல்லாச் சாணத்திலும் எப்போதும் இருந்தன. அவற்றுக்கு நீங்கள் புதிதாகக் கொடுத்தது சல்பேற்று. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 2,700 மில்லிகிராம் சல்பேற்று இருக்கிறது. ஆனையிறவுக் கடலேரிக்குப் பக்கத்தில் அடித்த குழாய்க்கிணற்றில் கடல்நீர் எவ்வளவு கலந்திருக்கிறதோ, அவ்வளவுக்குச் சல்பேற்றும் கலந்திருக்கும். நீரை ஒரு ஆய்வுகூடத்தில் கொடுத்துச் சல்பேற்றையும் குளோரைட்டையும் அளந்து இங்கே எழுதுங்கள். குளோரைட்டு சல்பேற்றைப் போல ஏறத்தாழ ஏழு மடங்காக இருந்தால் அது கடலிலிருந்து வந்ததே.

உமையாள்புரம் பண்ணை

ரீச்சருக்கும் பொறியியலாளர் ஐயாவுக்கும் விசுவமடு ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி. மொலிப்டேற்றையும் கிருமிகொல்லியையும் கைவிட்டு விட்டேன். குழாய்க்கிணற்று நீரின் அறிக்கை நேற்றுத்தான் கைக்கு வந்தது. சல்பேற்று லீற்றருக்கு 600 மில்லிகிராம், குளோரைட்டு 4,200 மில்லிகிராம். நீங்கள் சொன்ன ஏழு மடங்கு அப்படியே இருப்பதைக் கண்டு வியந்தேன். இனி என்ன செய்வது? யூரியாவில் நைதரசன் இருப்பதால் அதைச் சிறிது இட்டால் ரீச்சர் சொன்ன நைத்திரேற்று முறை வேலை செய்யுமா? இன்னொன்று: அடியில் படிந்த மணலையும் கரிய சேற்றையும் அள்ளுவதற்காக அடுத்த மாதம் தொட்டியைத் திறக்க எண்ணியிருக்கிறோம். அதற்கு முன்னர் ஏதாவது மருந்து இட வேண்டுமா?

பதில் 4: கழிவுநீர்ப் பொறியியலாளர், கிளிநொச்சி

அறிக்கை எல்லாவற்றையும் சொல்லி விடுகிறது. நாளொன்றுக்கு 100 லீற்றர் நீரில் 60 கிராம் சல்பேற்று உங்கள் தொட்டிக்குள் போகிறது. 96 கிராம் சல்பேற்றிலிருந்து 34 கிராம் ஐதரசன் சல்பைட்டு கிடைக்கும் என்பதால், 60 கிராமுக்கு ஏறத்தாழ 21 கிராம். நமது வெப்பநிலையில் அதன் கனவளவு பதினைந்தரை லீற்றர். முழுவதும் வாயுவுடன் வெளியேறினால் 4,000 லீற்றரில் அது மில்லியனுக்கு 3,900 பகுதிகள் ஆகும். ஒரு பகுதி கூழில் கரைந்து நிற்கும். சாணத்திலுள்ள கந்தகத்திலிருந்து வழக்கமாக வரும் ஆயிரம், இரண்டாயிரம் இதனுடன் சேரும். கருவி காட்டிய 4,500 இந்தக் கணக்குடன் நன்றாகப் பொருந்துகிறது. அதாவது உங்கள் தொல்லையின் பெரும்பங்கு நீருடன் வாளியில் வருகிறது. அந்த நீரை மாற்றுவதைப் போன்ற அடக்கும் முறை வேறு எந்த இரசாயனத்திலும் இல்லை.

மெதேனை இவை தின்கின்றனவா என்று கேட்டிருந்தீர்கள். இரு சாராருக்கும் உணவான ஐதரசனுக்கும் அசற்றேற்றுக்கும் போட்டி வந்தால் சல்பேற்றுக்காரர் மெதேனாக்கிகளை வென்று விடுவார்கள் என்பது பொதுவிதி. ஆனால் 60 கிராம் சல்பேற்று தின்னக்கூடிய உணவு, அதை முழுவதும் எரிக்கத் தேவையான ஒட்சிசனின் அளவாகக் கணக்கிட்டால், 40 கிராம் மாத்திரமே. உங்கள் 4 கன மீற்றர் வாயுவில் பத்தில் ஆறு பங்கு மெதேன் என்று கொண்டால், அது 6 கிலோவுக்கு மேற்பட்ட உணவிலிருந்து பிறக்கிறது. ஆகவே அவை எடுத்துக்கொள்வது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வாயு குறைந்ததற்குக் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள். வால்வுகள் அரித்த நிலையில் முதலில் கசிவைத்தான் சந்தேகிக்க வேண்டும். எல்லா மூட்டுகளிலும் சவர்க்கார நீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். நெருப்பை வைத்துப் பார்க்கவே கூடாது.

யூரியா நைத்திரேற்று ஆகாது. தொட்டிக்குள் அது அமோனியாவாக மாறும், அமோனியா கூடினால் மெதேனாக்கிகள் சோர்ந்து விடும். மெய்யான நைத்திரேற்றையே இடலாமா என்றால், அது எண்ணெய் வயலில் பலிப்பதற்குக் காரணம் அங்கே உணவு மிகக் குறைவாக இருப்பதுதான். சாணத் தொட்டியில் உணவு மலையாகக் குவிந்திருக்கிறது. அந்த உணவு முழுவதும் தீரும்வரை நைத்திரேற்று மிஞ்சி நிற்க வேண்டுமானால், என் கணக்கின்படி நாளுக்கு 13 கிலோ சோடியம் நைத்திரேற்று வேண்டியிருக்கும். அப்படிச் செய்தால் எரிவாயுவுக்குப் பதிலாக நைதரசன் வாயுதான் வெளியே வரும்.

ஆகவே என் யோசனை இதுதான். மாரி மழை நன்றாகப் பெய்யும் நான்கு மாதமும் கொட்டில் கூரையின் நீரைத் தொட்டிகளில் பிடித்துச் சாணம் கரைக்கப் பயன்படுத்துங்கள். வாய்க்காலில் இரணைமடுக் குளத்து நீர் வரும் காலத்தில் அதையே எடுங்கள். வறண்ட காலத்துக்கு இரண்டையும் நம்ப முடியாது. நாளுக்கு 100 லீற்றர் வீதம் 200 நாளுக்குச் சேமிக்க 20,000 லீற்றர் தொட்டி வேண்டும், அது பெரிய செலவு. அந்தக் காலத்தில் கரைக்கும் நீரில் பாதிக்கு, வெளியேறிய கூழின் தெளிந்த நீரையே திரும்பப் பயன்படுத்தலாம். அதிலிருந்த சல்பேற்றின் பெரும்பகுதி ஏற்கெனவே தீர்ந்து போனது. பாதிக்கு மேல் வேண்டாம், ஏனெனில் உப்பும் அமோனியாவும் சேர்ந்து கொண்டே போகும். கொட்டிலைக் கழுவும் உவர்நீரையும் தொட்டிக்குள் விடாமல் தனி வழியில் திருப்பி விடுங்கள். அந்த ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்கள் பலர்.

அப்படியும் மிஞ்சுகிற சல்பைட்டுக்கு இரும்பு. நீரிலிருந்து வரும் பங்கைப் பிடிக்க மட்டும் கணக்கின்படி நாளுக்கு 68 கிராம் பெரிக்குக் குளோரைட்டு போதும். ஆனால் பொசுபேற்றும் வேறு பலவும் இரும்பைப் பிடித்துக் கொள்வதால், நடைமுறையில் அதன் இரு மடங்கையாவது எதிர்பார்க்க வேண்டும். அது அரிக்கும் அமிலத் தன்மை உடையது. கையுறையும் கண்காப்பும் அணிந்து, நீரில் நன்கு ஐதாக்கிய பின்னரே சாணக் கரைசலுடன் கலக்க வேண்டும். பற்றீரியாவை இது தொடுவதில்லை; பிறக்கும் சல்பைட்டைக் கரையாத கரும் இரும்புச் சல்பைட்டாக அடியில் இருத்துகிறது. புல்லுக்குப் போனாலும் தீங்கில்லை.

மின்பிறப்பாக்கிக்குப் போகும் குழாயில் ஒரு துரு வடிகட்டியும் வையுங்கள். கடைசல் பட்டறையில் கிடைக்கும் இரும்புச் சுருள்களை நனைத்துத் துருப்பிடிக்க விட்டு, அகன்ற பிளாத்திக்குக் குழாய் ஒன்றில் தளர்வாக நிரப்பினால் போதும். ஒரு கிலோ துரு, கணக்கில் 640 கிராம் ஐதரசன் சல்பைட்டைப் பிடிக்கும். இன்றைய நிலையில் உங்கள் வாயுவில் நாளுக்கு 25 கிராம் போகிறது என்பதால், ஒரு கிலோ துரு கணக்கின்படி 26 நாள் தாங்க வேண்டும். நான் பாதி நாளையே நம்புவேன். கறுத்த சுருளைக் காற்றில் விரித்தால் மீண்டும் துருவாகும்; ஆனால் அப்போது அது கடுமையாகச் சூடேறும், தீப்பற்றவும் கூடும். ஆகவே வைக்கோல் போருக்கும் கொட்டிலுக்கும் தூரத்தில், நனைத்து, மெல்லிய படையாக விரியுங்கள்.

குவிமாடத்துக்குள் சிறிது காற்றைச் செலுத்தி, வேறு வகைப் பற்றீரியாக்களைக் கொண்டு சல்பைட்டை மஞ்சள் கந்தகமாக்கும் முறையும் உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது. வாயுவின் கனவளவில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை, உங்களுக்கு நாளுக்கு 120 முதல் 200 லீற்றர் காற்றுப் போதும். ஆனால் சீன வகைத் தொட்டியில் வாயு அழுத்தம் ஒரு மீற்றர் நீர்மட்டம் வரை ஏறுவதால், மீன்தொட்டிப் பம்பிகளுள் பல அதை எதிர்த்துத் தள்ள முடியாமல் நின்று விடும். கணக்குத் தவறி அதிகமாகச் செலுத்தினால் வெடிக்கும் கலவையும் உண்டாகலாம். அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் நின்று அமைத்துத் தரும்வரை உங்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

(பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் உற்பத்தியாயின. அந்தத் தொழிற்சாலை இன்றும் இருந்திருந்தால் பெரிக்குக் குளோரைட்டுக்கு நாம் தெற்கைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதில்லை என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.)

பதில் 5: உயிரியல் ஆசிரியை, வவுனியா

தொட்டியைத் திறப்பது பற்றி நீங்கள் கேட்டதற்கு நான் உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது. மருந்து எதுவும் இட வேண்டாம். அமிலத்தை, அது வினாகிரியோ கழிவறை கழுவும் திரவமோ எதுவாயினும், ஊற்றவே வேண்டாம். கூழில் கரைந்து நிற்கும் சல்பைட்டில் ஏறத்தாழப் பாதி, காரகாடித்தன்மை 7 அளவில், அயனாக அடங்கிக் கிடக்கிறது. அமிலம் பட்டவுடன் அதுவும் வாயுவாகி ஒரே நேரத்தில் மேலே கிளம்பும். கரிய சேற்றிலுள்ள இரும்புச் சல்பைட்டும் அமிலத்தில் அதே வாயுவைத்தான் விடும்.

இந்த வாயு காற்றைவிடப் பாரமானது, ஆகவே குழியின் அடியில் தங்கும். மில்லியனுக்கு ஒரு பகுதிக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு அதை அறிந்து விடும். ஆனால் 100 பகுதியைத் தாண்டினால் மணக்கும் உணர்வே மரத்துப் போகும். நாற்றம் நின்று விட்டது என்று நம்பி இறங்குகிறவர், 500 பகுதியைத் தாண்டினால் சில நிமிடங்களிலும், 1,000 பகுதியை நெருங்கினால் சில மூச்சிலும் விழுந்து விடுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். உங்கள் வாயுவில் இருப்பது 4,500.

கிணறு இறைக்க இறங்கும் முன் அரிக்கன் லாம்பைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. கரியமில வாயு தேங்கிய கிணற்றுக்கு அது ஓரளவு உதவும் சோதனை. மெதேன் நிறைந்த தொட்டிக்கு அதே லாம்பு வெடி வைப்பதற்குச் சமம். வெடிக்காவிட்டாலும், ஆளைக் கொல்லும் அளவு ஐதரசன் சல்பைட்டு இருக்கும் காற்றில் சுடர் சிறிதும் மங்காமல் எரியும்.

பதில் 6: விசுவமடு விவசாயி

அன்னபேதி பற்றி என் பிழையைத் திருத்தியதற்கு நன்றி. தம்பி, ரீச்சர் சொன்னதை அப்படியே கேளுங்கள். எங்கள் பக்கத்தில் சேறு அள்ளுவதற்கு யாரையும் இறக்குவதில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னரே சாணம் விடுவதை நிறுத்தி, வாயுவை எரித்துத் தீர்த்து விட்டு, வாய்மூடியைத் திறந்து போட்டு, சேற்றுப் பம்பியின் குழாயை மேலிருந்தே இறக்கி உறிஞ்சுகிறோம். அடியில் இறுகிய மணல் வந்து முடியாவிட்டால், மேலிருந்து நீரைப் பாய்ச்சிக் கலக்கி மறுபடியும் உறிஞ்சலாம். பம்பியின் எஞ்சினைத் தொட்டி வாயிலிருந்து தூரத்தில், காற்று வரும் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகளையும் கன்றுகளையும் அன்று முழுவதும் அந்தப் பக்கம் விட வேண்டாம். பம்பி தேவையென்றால் எழுதுங்கள், எங்கள் சங்கத்தில் ஒன்று இருக்கிறது.

உமையாள்புரம் பண்ணை

ஐயா, பம்பியை வாங்கிக்கொள்ள வருகிறேன். லாம்பு இறக்கிப் பார்த்து விட்டு என் தம்பியை உள்ளே இறக்குவதாகத்தான் இருந்தோம். அதை நினைக்க இப்போது உடல் நடுங்குகிறது. கொட்டில் கழுவும் நீரின் வாய்க்காலை இன்று காலையே வேறு பக்கம் வெட்டி விட்டோம். சவர்க்கார நீர் பூசியபோது, மின்பிறப்பாக்கிக்குப் போகும் வால்வின் அடியில் குமிழி வந்தது. புதிய வால்வு பூட்டி, மாரி நீர் பிடித்துக் கரைக்கத் தொடங்கிய பிறகு, தொட்டியின் 40 நாள் சுற்று முடிந்ததும் மறுபடியும் கருவி வைத்து அளந்து, வந்த எண்ணை இங்கே எழுதுகிறேன்.